பட்டனை அழுத்தினால் அடுத்து என்ன?

கோடிங் தெரியாமல் வெப்சைட் அமைப்பது பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். பெற்றோர் வெப்சைட்டிலேயே எந்த பேட்ச்சில் இடம் இருக்கிறது என்று பார்த்து, பிள்ளையின் பெயரைப் பதிந்து, கட்டணமும் கட்டிவிட வேண்டும். வெளியில் கேட்ட தொகை கையைக் கடிக்கிறது. நானே செய்துகொள்ள முடியுமா?
*– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்*

முடியும். ஆனால் எந்த டூல் என்பதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு நோட்டில் உங்கள் சைட்டில் வரப்போகும் பட்டன்களை எழுதுங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் எதிரே இவற்றைக் குறியுங்கள்: அதை அழுத்துபவர் யார், அவரிடம் என்னென்ன கேட்கப் போகிறோம், அந்த விவரம் எங்கே போய் உட்காரும், யாருக்குத் தகவல் போகும், அழுத்தியவருக்குத் திரையில் என்ன தெரியும். இதை எழுதாமல் வேலை கொடுத்தால், காசு கொடுத்துச் செய்தாலும் சரி, நீங்களே செய்தாலும் சரி, பாதியில் நின்றுவிடும். நாம் பார்க்கிற சிக்கல்களில் பெரும்பாலானவை டிசைனில் வருவதில்லை. பட்டனுக்குப் பின்னால் நடக்க வேண்டியதை யாரும் யோசிக்காததால் வருகின்றன.

எழுதிப் பார்த்தால் உங்கள் தேவை எந்த அளவு என்று புரியும். பார்த்துவிட்டுப் போன் செய்தால் போதும் என்றால் ஒரு பக்கம் போதும். நிரப்பி அனுப்ப வேண்டும் என்றால் ஃபார்ம் வேண்டும். பணமும் கட்ட வேண்டும் என்றால் கடை மாதிரியான அமைப்பு வேண்டும். ஒவ்வொருவரும் லாகின் செய்து தன் கணக்கை மட்டும் பார்க்க வேண்டும் என்பது இவற்றிலெல்லாம் கடினமானது, முதல் வருடம் அதைத் தொடாதீர்கள்.

கட்டணத்தைப் பிறகு தனியே வாங்கிக்கொண்டால், உங்களுக்கு கூகுள் சைட்ஸ், கூகுள் ஃபார்ம் இரண்டுமே போதும். இரண்டும் இலவசம். ஃபார்மில் பிள்ளையின் பெயர், வயது, பெற்றோரின் வாட்ஸ்அப் எண், பேட்ச் ஆகிய நான்கு கேள்விகளோடு நிறுத்துங்கள். நீளமான ஃபார்மைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். போன் எண் கேள்வியில் 'ரெஸ்பான்ஸ் வேலிடேஷன்' போட்டு, 10 இலக்கம் இல்லாவிட்டால் ஏற்காதபடி செய்யுங்கள். 'ரெஸ்பான்ஸஸ்' பகுதியில் கூகுள் ஷீட்டோடு இணைத்துவிடுங்கள். அங்கேயே மூன்று புள்ளியை அழுத்தி மெயில் அறிவிப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மெயிலில் முழு விவரம் இருக்காது, ஷீட்டைத் திறந்துதான் பார்க்க வேண்டும். பிறகு சைட்ஸில் 'இன்சர்ட்' போய் அந்த ஃபார்மைப் பக்கத்துக்குள் பதியுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் இவை. பிறப்புச் சான்றிதழை அப்லோடு செய்யச் சொல்லாதீர்கள். ஃபைல் அப்லோடு கேள்வி இருந்தால் பெற்றோர் கூகுள் கணக்கில் லாகின் செய்தே ஆக வேண்டும், பலர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். செட்டிங்ஸில் முடிவுச் சுருக்கத்தைக் காட்டும் வசதி ஆஃப் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். ஆன் ஆக இருந்தால் மற்ற பிள்ளைகளின் பெயரும் எண்ணும் எல்லோர் கண்ணிலும் படும். பதில்கள் விழும் ஷீட்டை 'லிங்க் உள்ள எவரும்' என்று ஷேர் செய்வதும் அதே ஆபத்துதான்.

'சனி மாலை பேட்ச்சில் 12 இடம்தான்' என்று ஒவ்வொரு பேட்ச்சையும் தனித்தனியாக எண்ணி நிறுத்துவது கூகுள் ஃபார்மில் ஆட்-ஆன் என்ற கூடுதல் வசதியைச் சேர்த்தால்தான் நடக்கும். எளிய வழி, பட்டனின் பெயரை 'இடம் கேட்டுப் பதிய' என்று மாற்றுவது. நிரப்பியதும் தெரியும் செய்தியில் 'இடம் உறுதியானதும் வாட்ஸ்அப்பில் சொல்வோம், அதன் பிறகு கட்டணம்' என்று எழுதுங்கள். உறுதி செய்யும் செய்தியோடு யூபிஐ கியூஆரை அனுப்பினால் வேலை முடிந்தது. மாதம் இருபது முப்பது சேர்க்கைக்கு இதுவே தாராளம், பேமென்ட் கேட்வே (சைட்டிலேயே பணம் வாங்கித் தரும் சேவை) வரை போக வேண்டாம்.

குருசுக்குப்பத்தில் மூன்று அறை ஹோம்ஸ்டே. எங்கள் வெப்சைட்டிலும் வெளி புக்கிங் தளங்களிலும் ஒரே நாளுக்கு ஒரே அறை இரண்டு பேருக்குப் போய்விடுகிறது. வார இறுதியில் வாசலில் சண்டை.
*– வாசகர், புதுச்சேரி*

உங்கள் சைட்டுக்கும் வெளித் தளங்களுக்கும் இடையே காலண்டர் லிங்க் மூலம் இணைப்பு கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறோம். ஐகேல் என்று அதற்குப் பெயர். அது நொடியில் ஓடுவதில்லை. ஒவ்வொரு தளமும் தன் இஷ்டப்படி அவ்வப்போது மற்றதன் காலண்டரைப் படித்துக்கொள்கிறது, இடையில் சில மணி நேரம்கூடப் போகலாம். வெள்ளிக்கிழமை மாலை சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஒரே நேரத்தில் தேடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் மோதல்.

இதைத் தீர்க்க இரண்டு வழி. ஒன்று, எல்லாத் தளங்களோடும் நேரடியாகப் பேசும் 'சேனல் மேனேஜர்' சேவைக்கு மாதச் சந்தா கட்டுவது. மூன்று அறைக்கு அது கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பாருங்கள், எங்களுக்குச் சந்தேகம்தான். இரண்டாவது, உங்கள் சொந்த சைட்டில் 'உடனடி புக்கிங்' என்பதை நிறுத்திவிட்டு 'கோரிக்கை' என்று வைப்பது. வந்த கோரிக்கையை நீங்கள் ஏற்றபிறகே முன்பணம் கேட்க வேண்டும். கூடவே சனி, ஞாயிறு, டிசம்பர் கடைசி வாரம், நீண்ட விடுமுறை நாட்களில் ஓர் அறையை வெளித் தளங்களில் மூடிவைத்து, சொந்த சைட்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

உங்கள் சைட் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்தது என்றால் இன்னொன்றையும் பாருங்கள். செட்டிங்ஸ், ஜெனரல் பகுதியில் டைம்ஸோன் 'கொல்கத்தா' என்று இருக்க வேண்டும். யூடிசி (உலகப் பொது நேரம்) என்று விட்டிருந்தால் நம் நேரத்துக்கு 5.30 மணி பின்தங்கும். நள்ளிரவு 12 மணிக்கும் காலை 5.30-க்கும் இடையில் வருகிற புக்கிங்கெல்லாம் முந்தைய நாள் தேதியில் பதிவாகும். அதே போல, 14-ம் தேதி காலை காலி செய்பவரும் 14-ம் தேதி மதியம் வருபவரும் மோதக்கூடாது. புக்கிங் பிளகின் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் கூடுதல் வசதி) இரவுகளை எண்ணுகிறதா, நாட்களை எண்ணுகிறதா என்று நீங்களே இரண்டு பொய் புக்கிங் போட்டுச் சோதியுங்கள்.

பண்ருட்டி முந்திரியைப் பாக்கெட் போட்டு விற்கிறோம். வேர்ட்பிரஸும், அதில் கடை நடத்த உதவும் ஊகாமர்ஸும் போட்டாயிற்று. கியூஆர் படம் வைத்தால் போதுமா, கேட்வே வேண்டுமா? சிலர் பணம் கட்டியும் ஆர்டர் 'பெண்டிங்' என்றே நிற்கிறது.
*– வாசகர், கடலூர் ஓ.டி.*

கியூஆர் படத்தில் செலவு இல்லை. ஆனால் யார் கட்டினார்கள், எந்த ஆர்டருக்குக் கட்டினார்கள் என்பது சைட்டுக்குத் தெரியாது. வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துப் பார்சலைக் கட்டாதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் செய்ய ஆப்களே இருக்கின்றன. வங்கிக் கணக்கில் வரவு விழுந்ததா என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு ஆர்டர் வரை இது தாங்கும். அதற்கு மேல் போனால் கேட்வே.

கேட்வே கட்டணம் பொதுவாக 2 சதவீதமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும். அதாவது 1,000 ரூபாய்க்கு 20 ரூபாயும் 3 ரூபாய் 60 காசும். பாக்கெட் விலை வைக்கும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் முன் சைட்டில் தொடர்பு முகவரி, தனியுரிமைக் கொள்கை, விதிமுறைகள், பணம் திருப்பித் தரும் விதம், டெலிவரி விவரம் ஆகிய பக்கங்கள் இருக்க வேண்டும். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பக்கங்கள் காலியாக இருப்பதும், பான் கார்டில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்துப்போகாததும். உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தந்த எண்ணையும் பக்கத்தின் அடியில் போடுங்கள்.

இனி 'பெண்டிங்' விஷயம். வாடிக்கையாளர் யூபிஐ ஆப்பில் பின் நம்பர் போட்டுப் பணம் அனுப்புகிறார். பச்சை டிக் வந்ததும், உங்கள் சைட்டுக்குத் திரும்பாமல் அப்படியே போனை மூடிவிடுகிறார். பணம் போய்விட்டது, ஆனால் சைட்டுக்குச் செய்தி வரவில்லை. இதற்காகத்தான் 'வெப்ஹுக்' இருக்கிறது. பணம் வந்ததை கேட்வேயின் சர்வர் நேரடியாக உங்கள் சர்வருக்குச் சொல்லும், வாடிக்கையாளரின் பிரவுசரை நம்பியிருக்காது. கேட்வேயின் டாஷ்போர்டில் வெப்ஹுக் பகுதிக்குப் போய், பிளகின் தரும் முகவரியை ஒட்டி, இரண்டு பக்கமும் ஒரே 'சீக்ரெட்' சொல்லைப் போடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வேலை செய்யாது. டெஸ்ட் மோடில் போட்ட வெப்ஹுக் லைவ் மோடுக்குத் தானாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், லைவுக்கு மாறிய பின் அங்கேயும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊகாமர்ஸில் 'ஹோல்டு ஸ்டாக்' என்ற இடத்தில் 60 நிமிடம் என்று இருக்கும். அதற்குள் பணம் வந்த செய்தி வராவிட்டால் ஆர்டர் தானாக ரத்தாகிவிடும். பணம் கட்டியவருக்கு 'கேன்சல்டு' என்று மெயில் போனால் உங்களைத்தான் திட்டுவார். முதலில் வெப்ஹுக்கைச் சரிசெய்யுங்கள். பிறகு குறைந்த தொகையில் ஒரு பொருளைப் போட்டு, உங்கள் சொந்தப் பணத்தைக் கட்டி, வேண்டுமென்றே திரும்பி வராமல் பிரவுசரை மூடிப் பாருங்கள். ஆர்டர் 'பிராசஸிங்' என்று மாறினால் சரி.

எங்கள் சுடுமண் பொம்மைக் கடையின் தொடர்பு ஃபார்மை நிரப்பினால் 'நன்றி' என்று வருகிறது. மெயில் மட்டும் வரவே இல்லை.
*– வாசகர், வில்லியனூர்*

முதலில் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: மெயிலை அனுப்பியது யார் என்று ஜிமெயிலுக்கு நம்பிக்கை இல்லை. ஹோஸ்டிங் சர்வர் (சைட் குடியிருக்கும் கணினி) தானாக அனுப்பும் மெயிலுக்கு, அனுப்பியவர் யார் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற சான்றுகள் உங்கள் டொமைன் (சைட்டின் பெயர்) சார்பில் பல நேரம் இருப்பதில்லை. அதைவிட மோசம், ஃபார்மில் 'ஃபிரம்' முகவரியாக வாடிக்கையாளரின் மெயிலையே போட்டு வைப்பது. உங்கள் சர்வர் அவருடைய ஜிமெயில் பெயரில் அனுப்பினால் அது ஆள்மாறாட்டம் என்றே கணக்கு.

ஃபார்ம் பிளகினில் 'ஃபிரம்' இடத்தில் உங்கள் சொந்த டொமைனின் முகவரியும், 'ரிப்ளை-டு' இடத்தில் வாடிக்கையாளரின் முகவரியும் இருக்கட்டும். பிறகு எஸ்எம்டிபி பிளகின் ஒன்றைப் போட்டு, டொமைனின் மெயில் கணக்கு வழியாக அனுப்பச் செய்யுங்கள். சாதாரண ஜிமெயில் கணக்கு மூலமும் அனுப்பலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்து 'ஆப் பாஸ்வேர்டு' எடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு 500 மெயில்தான் வரம்பு. அப்போது 'ஃபிரம்' இடத்திலும் அந்த ஜிமெயில் முகவரியே இருக்க வேண்டும்.

மெயில் ஒன்றையே நம்பாதீர்கள். நிரப்பியதையெல்லாம் சைட்டுக்குள்ளேயும் சேமிக்கும் ஃபார்ம் பிளகினாகத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஃபார்முக்குப் பதில் ஒரு வாட்ஸ்அப் பட்டன் வையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் 'ஷார்ட் லிங்க்' எடுத்து, முதல் செய்தியையும் அதிலேயே எழுதிவைக்கலாம். பொம்மைக் கடைக்கு அதுவே பொருத்தம் என்போம்: எந்த பொம்மை என்று கேட்டால் உடனே படம் அனுப்பலாம்.

பள்ளி ஆண்டு மலரில் இருந்து தமிழ்க் கட்டுரைகளை ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டுகிறது.
*– ஆசிரியர், நெல்லிக்குப்பம்*

மலரைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பேஜ்மேக்கரில் அடித்திருப்பார்கள். அந்த எழுத்துருவை எடுத்துவிட்டால் அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடு மாற்றி ஒன்றில் ஒட்டி, எந்த எழுத்துரு என்று தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். பிறகு கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கட்டுரையைப் படமாகப் போடுவது சுலபம்தான், ஆனால் தேடினால் கிடைக்காது, போனில் எழுத்தும் பொடியாகத் தெரியும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசம். வரி இடைவெளியை 1.6 அல்லது 1.7 வையுங்கள். ஆங்கிலத்துக்கான அளவை அப்படியே விட்டால் மேல்வரியின் கொக்கி கீழ்வரியின் விசிறியில் இடிக்கும்.

பக்க முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் வைத்து வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் ஒவ்வொரு குறியீடும் (எழுத்தும், அதோடு சேரும் குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு) 9 எழுத்தாக விரியும். 'கடலூர்' என்ற சொல் மட்டுமே 54 எழுத்து நீளமான சதவீதக் குறிக் கூட்டமாக நிற்கும்.

ஏ.ஐ.யிடம் சொன்னாலே முழு வெப்சைட்டும் செய்து தந்துவிடுகிறதாமே? என் மகன் ஒரு மணி நேரத்தில் நூலகத்துக்கு ஒன்று செய்துவிட்டான். இதை நம்பி மக்களுக்குக் கொடுக்கலாமா?
*– வாசகர், லாஸ்பேட்டை*

செய்து தருவது உண்மைதான். லவபிள், போல்ட், ரெப்ளிட் போன்ற ஏ.ஐ. டூல்களில் தமிழிலேயே சொன்னாலும் புரிந்துகொள்ளும். ஒரு மணி நேரத்தில் வந்தது பார்வைக்கு முழுதாகத்தான் இருக்கும். அதை அப்படியே திறந்துவிடும் முன் சில சோதனைகள் செய்யுங்கள்.

முதல் சோதனைக்கு இரண்டு போன் போதும். ஒன்றில் ஒரு புத்தகத்தை 'எடுத்தேன்' என்று பதியுங்கள். இன்னொரு போனில், வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவில், அதே பக்கத்தைத் திறங்கள். அங்கே புத்தகம் இன்னும் அலமாரியில் இருப்பதாகக் காட்டினால், பதிவு அந்தந்த போனின் பிரவுசருக்குள்ளேயே கிடக்கிறது என்று பொருள். ஏ.ஐ. அவசரத்துக்கு 'லோக்கல் ஸ்டோரேஜ்' என்ற இடத்தில் வைத்துவிடும். 'வெற்றிகரமாகப் பதிவானது' என்று பச்சையில் வரும், யாருக்கும் போய்ச் சேராது. 'விவரங்கள் எல்லாம் பொதுவான டேட்டாபேஸில் சேர வேண்டும்' என்று வெளிப்படையாகச் சொல்லி மாற்றச் செய்யுங்கள்.

டேட்டாபேஸ் வந்ததும் அடுத்த கவலை, யார் எதைப் பார்க்க முடியும் என்பது. சூப்பாபேஸ் போன்ற டேட்டாபேஸ் சேவைகளில் 'ரோ லெவல் செக்யூரிட்டி' என்று ஒரு பூட்டு உண்டு. அது இல்லாவிட்டால் உறுப்பினர்களின் போன் எண் பட்டியலை வெளியாள் மொத்தமாக எடுத்துவிடலாம். பக்கத்தில் தெரியவில்லை என்பதால் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இரண்டு உறுப்பினர் கணக்கு திறந்து, ஒருவராக நுழைந்து மற்றவர் விவரம் எங்காவது வருகிறதா என்று பாருங்கள். பேமென்ட், மேப், மெயில் போன்ற சேவைகளின் ரகசியச் சாவிகளைச் சாட்டில் ஒட்டாதீர்கள். ஒட்டினால் அவை பக்கத்தின் கோடிங்குக்குள் போய், வருகிற எவர் கண்ணிலும் படக்கூடும். 'சீக்ரெட்ஸ்' என்ற தனி இடத்தில்தான் போட வேண்டும். ஆதார் எண் கேட்கவே கேட்காதீர்கள். நூலகப் பதிவுக்குப் பெயரும் எண்ணும் போதும்.

வேலை வாங்கும் முறைக்கும் ஒரு வார்த்தை. 'ஒரு நூலக சைட் செய்' என்று மட்டும் சொன்னால் அது தன் போக்கில் எதையோ கட்டும். முதல் பதிலில் சொன்ன பட்டன் பட்டியலை அப்படியே ஒட்டுங்கள்: உறுப்பினர் ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனை புத்தகம் எடுக்கலாம், தாமதமானால் என்ன, ஒரே பிரதியை இருவர் கேட்டால் யாருக்கு. ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான் கேளுங்கள். சரியாக ஓடும் நிலையை ஒவ்வொரு முறையும் சேமித்து வையுங்கள். பிழை வந்து, 'சரி பண்ணு' என்று சொல்லி இரண்டு முறையும் சரியாகவில்லை என்றால், மூன்றாவது முறை சொல்லாதீர்கள். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை உடைக்கும், வாங்கிய கிரெடிட்டும் கரையும். நன்றாக ஓடிய பழைய நிலைக்குத் திரும்பி, கேட்பதை வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பதே லாபம். பையன் ஆர்வமாக இருக்கிறான் என்றால் சைட்டின் கோடிங்கை கிட்ஹப் என்ற சேமிப்புத் தளத்தில் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு அந்தச் சேவை மூடினாலும் விலை ஏறினாலும் வேலை கையில் இருக்கும்.

புயல் வந்து கரண்டு போனால் வெப்சைட்டும் நின்றுவிடுமா?
*– வாசகி, தேவனாம்பட்டினம்*

நிற்காது. சைட் இருப்பது வேறு ஊரின் சர்வரில். சிக்கல் என்னவென்றால், இங்கே டவர் படுத்துவிட்டாலும் அங்கே ஆர்டர் விழுந்துகொண்டே இருக்கும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்ததுபோல இன்னொன்று வரும் என்றால், எச்சரிக்கை வந்த அன்றே 'டெலிவரி தாமதமாகும்' என்ற அறிவிப்பைப் பக்கத்தின் மேலே போடுங்கள். தேவைப்பட்டால் ஆர்டரையும் மூடுங்கள். வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்குத் தனி லாகின் கொடுத்து வைத்தால் நல்லது, உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம்.

டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டால் எங்கள் சைட் திறக்கிறது. போடாமல் அடித்தால் திறக்கவில்லை.
*– வாசகர், முத்தியால்பேட்டை*

டிஎன்எஸ்ஸில் (சைட்டின் பெயருக்கு எந்த சர்வர் என்று வழிகாட்டும் பட்டியல்) ஒரு பெயருக்குத்தான் வழி சொல்லியிருக்கிறீர்கள். டொமைன் வாங்கிய இடத்தில் 'ஃபார்வர்டிங்' போய், வெறும் பெயரை டபிள்யூ டபிள்யூ டபிள்யூ பெயருக்குத் திருப்பிவிடுங்கள். மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ 48 மணி நேரம் வரை ஆகலாம், அதற்குள் பத்து முறை மாற்றி மாற்றிப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சைட் செய்து கொடுத்தவர் இப்போது போனை எடுப்பதில்லை. டொமைன் அவர் பெயரில் இருக்கிறது. புதிதாகச் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
*– வாசகர், நெய்வேலி*

டொமைன், ஹோஸ்டிங், கூகுள் கணக்கு மூன்றையும் உங்கள் மெயிலிலும் உங்கள் போன் எண்ணிலும் நீங்களே எடுங்கள். செய்பவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். மூன்றுக்கும் சேர்த்து அரை மணி நேர வேலை.

பழைய டொமைனைப் பொறுத்தவரை, அவர் ஒருமுறை ஒத்துழைத்தால் போதும். டொமைனின் லாக்கை எடுத்துவிட்டு, அதை மாற்றுவதற்கான ரகசியக் குறியீடான 'ஆத் கோடு' வாங்கித் தரச் சொல்லுங்கள், அதைக் கொண்டு உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். .காம் டொமைன் என்றால், வாங்கியோ மாற்றியோ 60 நாள் ஆகாவிட்டால் பொதுவாக மாற்ற விடமாட்டார்கள்.

முதல் வருடம் 99 ரூபாய் என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்காமல் இரண்டாம் வருடப் புதுப்பிப்பு விலையைக் கேளுங்கள். வாங்கியதும் உறுதி செய்யச் சொல்லி ஒரு மெயில் வரும். .காம் போன்றவற்றில் 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் சைட் நிறுத்தப்படும். 'ஆட்டோ ரினியூவல்' போட்டிருக்கிறேன் என்று இருந்துவிடாதீர்கள். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் மேண்டேட் (தானாக எடுக்க நீங்கள் தரும் அனுமதி) பதிவாகாத இடத்தில் பணம் தானாக எடுபடாது. காலாவதியாகும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் போன் காலண்டரில் நினைவூட்டல் வைத்து, கையாலேயே கட்டிவிடுங்கள்.